118.005 வைத்தால் கவுண்டர் 118.000 காட்டுகிறது. செட் பழுதா?

மொரப்பூர்காரன் | செவ்வாய், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். டிப்ளமோ முடித்து பெங்களூரு வந்து நாலு மாதம் ஆகிறது. சின்ன விமானங்களின் ரேடியோ பெட்டிகளைச் சரிபார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டிரெய்னி வேலை. பெயர் வேண்டாம்.

நேற்று ஒரு விஹெச்எஃப் செட் (பைலட் டவரோடு பேசும் ரேடியோ) பெஞ்சுக்கு வந்தது. கூட வந்த புகார் அட்டையில் "சிலர் பேசுவது நன்றாகக் கேட்கிறது, சிலர் குரல் அறுந்து அறுந்து வருகிறது" என்று இருந்தது. சீனியர் லீவு. நானே டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் சுமை) மாட்டி, அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் பெட்டி) வழியாக கவுண்டரில் (அலைவரிசை அளக்கும் கருவி) கொடுத்து, மைக்கில் பேசாமல் பட்டனை மட்டும் அழுத்தி அளந்தேன். கிடைத்தது இது:

செட்டில் 118.000 வைத்தால் கவுண்டரில் 118.00006
118.005 வைத்தால் 118.00006
118.010 வைத்தால் 118.00839
118.015 வைத்தால் 118.01673
118.025 வைத்தால் 118.02506
118.030 வைத்தாலும் அதே 118.02506

118.020 வரவே இல்லை. குமிழைத் திருப்பினால் 015-இலிருந்து 025-க்குத் தாவுகிறது. "அலைவரிசை 5 கிலோஹெர்ட்ஸ் வரை தவறு, பழுது" என்று டேக் எழுதிக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. ஒரு இடத்தில் 5 குறைவு, ஒரு இடத்தில் 1.67 குறைவு, இன்னொரு இடத்தில் 1.67 அதிகம். அலைவரிசைக்கு ஆதாரமான கிறிஸ்டல் நகர்ந்திருந்தால் எல்லாம் ஒரே பக்கம்தானே போக வேண்டும்?

ஸ்பேனர் தாத்தா | செவ்வாய், இரவு 9.40

தம்பி, முதல்ல நாளைக்கு சீனியர் வர்றதுக்குள்ள அந்த டேக்கைக் கழட்டிடு. மீதியை அப்புறம் பேசலாம்.

கூரை ஆன்டெனா | செவ்வாய், இரவு 9.47

தாத்தா சிரிக்கிறார் என்றால் செட் நல்ல செட். நான் ஹாம்காரன் (பொழுதுபோக்கு ரேடியோ), விமான ரேடியோ நேரடியாகத் தெரியாது. ஆனால் மேலே இருக்கிற கணக்கில் ஒன்று கண்ணில் பட்டது. எல்லா வரியிலும் 60 ஹெர்ட்ஸ் கூடுதலாக நிற்கிறது. அதைக் கழித்தால் 118.00000, 118.00833, 118.01667, 118.02500. அதாவது 25-ஐ மூன்றாக வெட்டிய துண்டுகள்.

பிஎல்எல்காரி | செவ்வாய், இரவு 10.20

ஆன்டெனா அண்ணன் சரியாகப் பிடித்துவிட்டார். நான் சி.வி. ராமன் நகர் பக்கம் ஆர்எஃப் டிசைனில் இருக்கிறேன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விமானப் பேச்சுக்கான பட்டை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, மொத்தம் 19 மெகாஹெர்ட்ஸ். அகலம் கூட வழியில்லை. கீழே 108 முதல் 118 வரை விஓஆர், ஐஎல்எஸ் என்ற வழிகாட்டிக் கருவிகள் உட்கார்ந்திருக்கின்றன. அதற்கும் கீழே நாம் பாட்டு கேட்கும் எஃப்எம். அதனால் விமானம் பெருகப் பெருக சானல்களை நெருக்கிக்கொண்டே வந்தார்கள். 200 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி 100 ஆனது, 50 ஆனது, பிறகு 25. 25-இல் 760 சானல். ஐரோப்பாவுக்கு அதுவும் போதாமல் 25-ஐ மூன்றாகப் பிளந்து 8.33 கொண்டுவந்தார்கள். 1999-இல் மேல் வான்வெளியில் தொடக்கம். 2018 ஜனவரி முதல் சில விலக்குகள் தவிர அங்கே கீழே பறக்கும் சின்ன விமானங்களுக்கும் கட்டாயம். 760 பெருக்கல் 3, ஆக 2280 சானல். தம்பியின் செட் அந்த வகை.

இப்போது தூக்கத்தைக் கெடுத்த விஷயம். பெட்டியின் ஜன்னலில் தெரியும் ஆறு இலக்கத்தை அலைவரிசை என்று படிக்கக் கூடாது. 8.33 முறையில் அது சானலின் பெயர். 118.005 என்ற பெயருள்ள சானல் நிற்கும் இடம் 118.0000. 118.010 நிற்பது 118.0083-இல். 118.015 நிற்பது 118.0167-இல். ஒவ்வொரு 25-க்கும் நாலு பெயர்: ஒன்று பழைய அகலச் சானலுக்கு, மூன்று புதிய குறுகலானவற்றுக்கு. ஐந்தாவதாக வர வேண்டிய 020, 045, 070, 095 பெயர்கள் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அதனால்தான் குமிழ் தாவுகிறது.

தர்க்கம்தாசன் | செவ்வாய், இரவு 10.31

இது என்ன அநியாயம்? கருவியில் ஒன்று காட்டி, காற்றில் ஒன்று அனுப்புவதா? 118.008 என்றே காட்டித் தொலைக்க வேண்டியதுதானே.

பிஎல்எல்காரி | செவ்வாய், இரவு 10.58

காட்டலாம். அப்போது 118.000-ஐ எப்படிக் காட்டுவீர்கள்? அந்த ஒரே புள்ளியில் இரண்டு சானல் இருக்கிறது, ஒன்று 25 அகலம், ஒன்று 8.33 அகலம். நட்ட நடுவில் இருப்பது இரண்டுக்கும் ஒரே அலைவரிசை. வித்தியாசம் செட்டின் வயிற்றுக்குள் இருக்கும் சல்லடையில்.

கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். ஒரு செட்டில் 12.8 மெகாஹெர்ட்ஸ் ஆதாரக் கிறிஸ்டல், 21.4 மெகாஹெர்ட்ஸ் ஐஎஃப் (வரும் சிக்னலை மாற்றிச் சல்லடைக்கு அனுப்பும் இடைநிலை அலைவரிசை) என்று வைத்துக்கொள்ளுங்கள். 12.8-ஐ 1536-ஆல் வகுத்தால் சரியாக 8.333 கிலோஹெர்ட்ஸ் வரும். நமக்குத்தான் அது முடியாத பின்னம், வகுப்பானுக்கு வெறும் முழு எண். 118 கேட்க வேண்டுமானால் உள் ஆஸிலேட்டர் 139.4-இல் ஓட வேண்டும், அதற்கு லூப்பில் (ஆஸிலேட்டரைக் கிறிஸ்டலோடு பூட்டும் சுற்று) வைக்கும் எண் 16728. 118.010 வைத்தால் 16729. 118.015-க்கு 16730. ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான்.

118.000-க்கு 16728. 118.005-க்கும் 16728. லூப் அசையவே அசையாது. மாறுவது ஐஎஃப் சல்லடை மட்டும், அகலத்திலிருந்து குறுகலுக்கு. ஆக 118.005-இன் கடைசியில் வரும் அந்த 5, "சின்னக் கண் சல்லடையைப் போடு" என்று செட்டுக்குச் சொல்லும் கட்டளை.

(நிஜச் செட்களில் இவ்வளவு எளிய லூப் இருக்காது. ஆதாரப் படியை மூன்றில் ஒன்றாக்கினால் வகுக்கும் எண் மூன்று மடங்கு, லூப்புக்குள் இரைச்சல் 9.5 டெசிபெல் ஏறும், பூட்டிக்கொள்ளவும் நேரமாகும். அதனால் பின்ன வகுப்பான் வைத்துத் தப்பிப்போம். அது என் சோற்றுக்கதை, இந்த இழைக்கு வேண்டாம்.)

தர்க்கம்தாசன் | செவ்வாய், இரவு 11.05

புரிகிறது. ஆனாலும் பிடிக்கவில்லை.

ஜக்கூர் ரன்வே | புதன், காலை 6.50

பயிற்சி பைலட் பேசுகிறேன். ஆர்டிஆர் தேர்வுக்கு (ரேடியோவில் பேசுவதற்கான உரிமத் தேர்வு) படித்தபோது இந்த இடத்தில்தான் நானும் முழித்தேன். வாயால் சொல்லும்போது ஆறு இலக்கத்தையும் சொல்ல வேண்டும். கடைசி இரண்டும் பூஜ்யமாக இருந்தால் மட்டும் நாலோடு நிறுத்தலாம். 118.000 என்றால் "வன் வன் எய்ட் டெசிமல் ஸீரோ". 118.025 என்றால் "டெசிமல் ஸீரோ டூ ஃபைவ்" வரை முழுதாக. "008", "017" எல்லாம் இரைச்சலில் வாயில் நுழையாது, காதிலும் நிற்காது. பெயராகவே இருக்கட்டும் என்பது என் ஓட்டு.

இன்னொன்று. விமானத்தில் 8.33 செட் இருந்தால் ஃப்ளைட் பிளானில் பத்தாவது கட்டத்தில் ஒய் என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும். ஐரோப்பாவுக்குப் பறக்கிறவர்கள் அதை மறக்க மாட்டார்கள். நம் பக்கம் கேட்கிற பேச்செல்லாம் 25 இடைவெளிதான்.

கூரை ஆன்டெனா | புதன், காலை 8.15

நம் ஊருக்கு ஏன் 8.33 அவசரமில்லை, அவர்களுக்கு ஏன் அவசரம்? விமான எண்ணிக்கை மட்டும்தான் காரணமா?

பிஎல்எல்காரி | புதன், காலை 9.02

எண்ணிக்கையும் உயரமும். விஹெச்எஃப் நேர்கோட்டில் போகும். அடிக்கணக்கில் உயரத்தின் வர்க்கமூலத்தை 1.23-ஆல் பெருக்கினால் எத்தனை கடல்மைல் கேட்கும் என்று தெரியும். 35,000 அடிக்குச் சுமார் 230 கடல்மைல். இரண்டு விமானமும் அந்த உயரத்தில் என்றால் 460, கிட்டத்தட்ட 850 கிலோமீட்டர். பெங்களூரு தலைக்கு மேல் ஒருவர், மும்பை தலைக்கு மேல் ஒருவர், இருவரும் ஒரே சானலில் பேசினால் ஒருவர் காதில் இன்னொருவர் விழுவார். 850 கிலோமீட்டருக்குள் நமக்கு நாலைந்து மாநிலம். ஐரோப்பாவில் அதற்குள் எத்தனை நாடு, எத்தனை கட்டுப்பாட்டு மையம் என்று மேப்பை எடுத்துப் பாருங்கள். ஒரு சானலை ஒருவருக்குக் கொடுத்தால் சுற்றியிருக்கிற அத்தனை பேருக்கும் அது இல்லாமல் போகிறது.

வெள்ளைக்கோட்டுக் குமார் | புதன், காலை 11.30

குறுக்கே வருகிறேன். இந்தக் காலத்திலும் விமானப் பேச்சுக்கு ஏன் ஏஎம் (அலையின் உயரத்தை மாற்றிக் குரல் ஏற்றும் முறை)? எஃப்எம் வைத்தால் குரல் தெளிவாக இருக்குமே.

ஸ்பேனர் தாத்தா | புதன், மதியம் 1.10

தெளிவா இருக்கும், ஆனா ஒருத்தனை முழுங்கிடும். எஃப்எம்ல ரெண்டு பேர் ஒரே நேரம் பட்டனை அழுத்தினா வலுத்தவன் குரல் மட்டும் வரும், இளைச்சவன் பேசினதே யாருக்கும் தெரியாது. ஏஎம்ல ரெண்டும் மோதி கீச்சுன்னு ஒரு விசில் அடிக்கும். ஒரு கேரியருக்கும் (குரலைச் சுமக்கிற அலை) இன்னொண்ணுக்கும் எத்தனை ஹெர்ட்ஸ் வித்தியாசமோ அந்த சுதியில. கண்ட்ரோலர் உடனே "ரெண்டு பேர் பேசினீங்க, திரும்பச் சொல்லுங்க"ன்னு கேப்பார். இளைச்சவன்தான் இன்ஜின் நின்னுபோச்சுன்னு சொல்ல வந்தவனா இருந்தா? அதனால அந்தக் கீச்சுச் சத்தம் எங்களுக்கு வேணும்.

தம்பி கவுண்டரை ஆன் பண்ணி எவ்வளவு நேரம் கழிச்சு அளந்தாய்?

மொரப்பூர்காரன் | புதன், மதியம் 1.45

ஆன் பண்ணின உடனே, ஐயா.

ஸ்பேனர் தாத்தா | புதன், மதியம் 2.05

அப்ப அந்த 60 ஹெர்ட்ஸ் யாரோடதுன்னு உனக்கே தெரியாது. கவுண்டருக்குள்ள இருக்கிறதும் ஒரு கிறிஸ்டல்தான், அதுக்கும் சூடேறணும். ஒரு மணி நேரம் விட்டு அள. செட்டுக்கு இருக்கிற அனுமதியையும் தெரிஞ்சுக்கோ. 8.33 விமானச் செட்டுக்கு பத்து லட்சத்துல 5 பங்கு. 118-க்கு 590 ஹெர்ட்ஸ். 60 எல்லாம் தூசு. பழைய 25 செட்டுக்கு 30 பங்கு, அதாவது மூணரை கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் ஆடலாம்.

இதைச் சொல்லும்போது ஒரு பழங்கதை. நான் சேர்ந்தப்ப எங்க பெஞ்சுல 360 சானல் செட்டுதான், 50 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. அப்புறம் 720, அப்புறம் 760. பெரிய விமானத்துல செட்டு தனியா ஒரு மூலையில கிடக்கும், பைலட் கையில வெறும் குமிழ்ப் பெட்டி. நடுவுல கம்பிக் கட்டு. ஒவ்வொரு இலக்கத்துக்கும் அஞ்சு கம்பி. எந்த எண்ணா இருந்தாலும் அந்த அஞ்சுல ரெண்டை மட்டும் கிரவுண்டுல சேர்க்கும். அஞ்சுல ரெண்டு எடுத்தா பத்து ஜோடி, பூஜ்யத்துலேர்ந்து ஒன்பது வரைக்கும் பத்து எண். பார்த்தியா அழகை?

ஒருதடவை ஒரு விமானம் வந்தது. சில சானல் பேசும், சில சானல் ஊமை. செட்டை மூணு தடவை மாத்திட்டாங்க. எங்க மேஸ்திரி தமிழர், கோலார் தங்கவயல்காரர். செட்டைத் தொடவே இல்லை. பேப்பர் எடுத்தார், குமிழை ஒவ்வொண்ணா திருப்பச் சொல்லி எந்த எண் சாகுதுன்னு எழுதினார். பத்துல சரியா நாலு எண் செத்திருந்தது. "ஒரு கம்பி அறுந்திருக்கு, போய் கட்டைப் பிரிங்க"ன்னார். அஞ்சு கம்பியில ஒவ்வொண்ணும் நாலு ஜோடியில இருக்கும். ஒண்ணு போனா நாலு எண் போகும், கூடவும் போகாது, குறையவும் போகாது. தரைக்கு அடியில போன கட்டுல உரசி அறுந்திருந்தது.

அதனால சொல்றேன், உன் புகார் அட்டையைத் திரும்பப் படி. "சிலர்"னு எழுதியிருக்கு. "சில சானல்"னு எழுதலை.

எஸ்.பி. ரோடு சாமி | புதன், மாலை 6.20

நண்பர்களே, கம்ப்யூட்டரில் செருகி ரேடியோ கேட்கும் யூஎஸ்பி டாங்கிள் ஒன்று வாங்கி மொட்டை மாடியில் வைத்து விமானப் பேச்சு கேட்கலாம் என்று இருக்கிறேன். எந்த ஆன்டெனா நல்லது?

கூரை ஆன்டெனா | புதன், மாலை 6.41

ஆன்டெனாவுக்கு முன்னால் சட்டம். 1933 வயர்லெஸ் சட்டக் காலத்திலிருந்தே உரிமம் இல்லாமல் கருவி வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம். என் ஹாம் உரிமம்கூட ஹாம் பட்டைக்குத்தான். வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு இறங்காதீர்கள்.

தொழில்நுட்பமாகவும் ஏமாற்றம்தான். அந்த டாங்கிளின் வாசலில் சல்லடை கிடையாது. ஊர் எஃப்எம் நிலையங்கள் எல்லாம் உள்ளே நுழைந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். 104.0-ஐ இரட்டித்து 91.1-ஐக் கழித்துப் பாருங்கள், 116.9. விஓஆர் பட்டைக்குள் பாட்டு கேட்கும். இதே தொல்லைக்காகத்தான் விமான வழிகாட்டிக் கருவிகளுக்கு எஃப்எம் தடுப்புத் திறன் இருக்க வேண்டும் என்று 1998 முதல் உலக அளவில் விதியே வைத்தார்கள்.

தர்க்கம்தாசன் | புதன், மாலை 7.00

தாத்தா போட்ட முடிச்சுக்கு வருவோம். "சிலர்" என்றால் என்ன?

பிஎல்எல்காரி | புதன், மாலை 7.35

நான் சொல்லிவிடவா தாத்தா?

ஸ்பேனர் தாத்தா | புதன், மாலை 7.38

பொறும்மா. அவனே வரட்டும். தம்பி, நாளைக்கு இதைச் செய். சிக்னல் ஜெனரேட்டர்ல 118.025 வை, 1 கிலோஹெர்ட்ஸ் சுதி, 30 சதவீத மாடுலேஷன். செட்டுல 118.025 வை, கேளு. செட்டை 118.030-க்கு மாத்து, கேளு. ரெண்டும் நல்லா இருக்கும். அப்புறம் ஜெனரேட்டரை மட்டும் 3 கிலோஹெர்ட்ஸ் மேலே தள்ளி, திரும்ப ரெண்டுலயும் கேளு. வந்து சொல்லு.

மொரப்பூர்காரன் | வியாழன், இரவு 8.50

ஐயா, செய்தேன். கவுண்டரை ஒரு மணி நேரம் சூடாக விட்டு அளந்தேன், 60 ஹெர்ட்ஸ் 20-ஆகக் குறைந்துவிட்டது.

ஜெனரேட்டர் சரியாக 118.025-இல் இருந்தபோது இரண்டிலும் மணி மாதிரி சுதி. 3 கிலோஹெர்ட்ஸ் தள்ளினதும் 118.025-இல் அப்படியே கேட்டது. 118.030-க்கு மாற்றியவுடன் கரகரத்தது, ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் கதவு) திறந்து மூடி, திறந்து மூடி, அறுந்து அறுந்து வந்தது. அட்டையில் எழுதியிருந்த அதே சத்தம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

உடனே செட்டின் மெமரியைப் பார்த்தேன். பைலட் ஒன்பது சானல் பதிந்து வைத்திருக்கிறார். மூன்றாவது இடத்தில் கடைசி மூன்று இலக்கம் 025 இருக்க வேண்டிய இடத்தில் 030. குமிழ் ஒரு சொடுக்கு கூடத் திரும்பியிருக்கிறது. இரண்டும் ஒரே அலைவரிசை என்பதால் டவரோடு பேச்சு நடந்துகொண்டே இருந்திருக்கிறது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கிறிஸ்டல் நேராக இருக்கிறவர்கள் குரல் நன்றாக வந்திருக்கிறது. பழைய 25 செட் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறவர்கள் குரல் குறுகிய சல்லடையில் மாட்டி அறுந்திருக்கிறது.

பிஎல்எல்காரி | வியாழன், இரவு 9.15

அருமை! அந்தப் பழைய செட்டுகளும் தப்பு செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள், அவர்களுக்கு 30 பங்கு வரை அனுமதி உண்டு. பேச்சுக்கு இருபுறமும் சேர்த்து 6 கிலோஹெர்ட்ஸ் போதும் என்றாலும் 25 ஒதுக்கினது இந்தத் தள்ளாட்டத்துக்கெல்லாம் இடம் விடத்தான். விமானம் பறக்கும் வேகத்தால் வரும் டாப்ளர் நகர்வு இங்கே வெறும் 100 ஹெர்ட்ஸ் சுமார், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இன்னொரு இடத்திலும் இதே பொறி உண்டு. பெரிய பரப்புக்கு ஒரே சானலில் இரண்டு மூன்று தரை நிலையங்கள் சேர்ந்து ஒலிபரப்புவார்கள். விசில் வராமல் இருக்க ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே சில கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைப்பார்கள், மூன்று நிலையம் என்றால் நடுவில் ஒன்று, இருபக்கமும் 7.3 தள்ளி இரண்டு. அகலச் சல்லடை இருந்தால் எல்லாம் உள்ளே வரும். குறுகலில் வைத்தீர்களானால் ஓரத்து இரண்டும் காணாமல் போகும்.

தர்க்கம்தாசன் | வியாழன், இரவு 9.22

அப்படியானால் என் புகார் நிற்கிறது. 025-உம் 030-உம் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அலைவரிசை, ஒரு சொடுக்குத் தவறினால் யாருக்கும் தெரியாது. பெயர் வைத்தவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும்.

ஜக்கூர் ரன்வே | வியாழன், இரவு 9.40

இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் விமானத்தில் 25 மட்டும் என்று செட்டிங்கில் பூட்டியே வைத்திருக்கிறார்கள், ஏன் என்று இன்றுதான் தெரிந்தது.

மொரப்பூர்காரன் | வியாழன், இரவு 9.58

எங்கள் செட்டிலும் அந்தப் பூட்டு இருக்கிறது. சீனியர் வந்ததும் காட்டினேன். மெமரியைத் திருத்தி, 25-இல் பூட்டி, ஏற்பும் அனுப்பும் முழுச் சோதனை முடித்துக் கையெழுத்துப் போட்டார். "பழுது" டேக்கை அவர் பார்க்கவில்லை. காலை ஏழே காலுக்கே போய்க் கழற்றிவிட்டேன், பர்ஸில் இருக்கிறது.

ஸ்பேனர் தாத்தா | வியாழன், இரவு 10.03

பர்ஸ்ல வச்சுக்கோ, கிழிக்காதே. அது இருக்கட்டும், ஒரு மணி நேரம் சூடேத்தின கவுண்டரை வரும்போது அணைச்சியா?

மொரப்பூர்காரன் | வியாழன், இரவு 10.04

ஐயோ.